அமெரிக்கக் கல்லூரியில் கால்பந்து ஹெட் கோச் ஆக நினைக்கிறீர்களா? இங்கிருந்து ஆரம்பியுங்கள்

சீசன் நடக்கும்போது ஒரு வீரரை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைத்திருக்கக் கூடாது. இது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-ன் விதி. மேட்ச் நாளுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் 3 மணி என்றுதான் கணக்கு. வாரத்துக்கு 2 மேட்ச் என்றால் 6 மணி போச்சு, ஜிம்மும் வீடியோவும் கொஞ்சம் தின்னும், கடைசியில் பந்தோடு மைதானத்தில் நிற்கக் கிடைப்பது பத்து மணி சொச்சம். ஆனால் நான் பார்த்த எந்த ஹெட் கோச்சும் அந்த வாரத்தில் அறுபது மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்த்ததில்லை. மிச்ச ஐம்பது மணி நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு, அது உங்களுக்குப் பிடிக்குமா என்று முதலில் யோசித்துவிடுங்கள். பிடிக்காது என்றால் உதவிக் கோச்சாகவோ கிளப் கோச்சாகவோ இருப்பது எவ்வளவோ மேல், அதில் புல் மேல் நிற்கும் நேரம் அதிகம்.

நான் ஒரு டிவிஷன் 2 கல்லூரியில் 2 வருடம் கிராஜுவேட் அசிஸ்டன்டாக இருந்தேன், அப்புறம் ஒரு சிறிய டிவிஷன் 3 கல்லூரியில் உதவிக் கோச். ஹெட் கோச் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

எந்த மாதிரிக் கல்லூரி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வெளியே இருந்து பார்த்தால் எல்லாமே கல்லூரிக் கால்பந்துதான். உள்ளே வந்தால் டிவிஷன் 1, 2, 3, தனி அமைப்பான என்.ஏ.ஐ.ஏ., இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகள் என்று ஐந்து வேறு வேறு உலகங்கள். டிவிஷன் 1-ல் ஆண்கள் அணிகள் 200-க்குக் கொஞ்சம் மேல், பெண்கள் அணிகள் 340-க்கும் மேல். இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் டைட்டில் 9 என்ற 1972-ஆம் வருடச் சட்டம். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்லூரிகள் பெண்களுக்கும் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்றது அந்தச் சட்டம், அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம்) அணியில் நூறு ஆண்கள் வரை இடம் கொடுத்த கல்லூரிகள் அதை ஈடுகட்டப் பெண்கள் சாக்கர், அதாவது நம் கால்பந்து, அணிகளை ஆரம்பித்தன. ஆகவே வேலை தேடும்போது ஆண்கள் அணி மட்டும்தான் என்று அடம்பிடித்தால் பாதிக்கு மேற்பட்ட கதவுகளை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள்.

எதிர்த் திசையிலும் வழி திறந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியின் முதல் கோல்கீப்பரான கிம் வயன்ட் 2015 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்குக் கோச்சாக இருந்தவர். 2022-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆண்கள் அணியை டிவிஷன் 3 பட்டத்துக்குக் கொண்டுபோனவர் ஜூலியான் சிச். ஆண்கள் சாக்கரில் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்ற முதல் பெண் ஹெட் கோச் அவர்தான்.

பண விஷயத்தில் ஒவ்வொரு உலகமும் வேறு மாதிரி. டிவிஷன் 1-ல் பல வருடங்கள் ஆண்கள் அணிக்கு 9.9 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 14 என்று உச்சவரம்பு இருந்தது. அந்த 9.9-ஐ இருபத்தைந்து, முப்பது பேருக்குக் கால், அரை, முக்கால் என்று கூறு போடுவதே ஹெட் கோச்சுக்குப் பெரிய வேலை. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்குச் (வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட வழக்கு) சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற ஆள் வரம்பு வந்துவிட்டது. 28 பேருக்கும் முழுப் பணம் தரலாம் என்று விதி சொல்கிறது, உங்கள் கல்லூரியின் கஜானா என்ன சொல்கிறது என்பது வேறு கதை. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம் என்று அதே சமரசத்தில் புதிதாக வந்த பணத்தில், பெரிய இடங்களில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் போகிறது.

டிவிஷன் 3-ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அங்கே கோச்சுக்கு வேறொரு சுமை உண்டு, வெளியே யாரும் அதிகம் பேச மாட்டார்கள். சிறிய தனியார் கல்லூரிகள் மாணவர் கட்டணத்தில்தான் உயிர் வாழ்கின்றன. அதனால் "இந்த வருடம் பன்னிரண்டு புது மாணவர்கள் உன் அணி வழியாக வர வேண்டும்" என்று கோச்சுக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மேட்சில் தோற்றால்கூட மன்னிப்பார்கள், அந்த எண் குறைந்தால் அட்மிஷன் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள்.

படிப்பு, லைசென்ஸ்

ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் கட்டாயம், முதுநிலை இருந்தால் நல்லது. எந்தப் பாடம் என்பதில் பிடிவாதம் இல்லை. யு.சி.எல்.ஏ. அணியோடு 3 தேசியப் பட்டம் வென்ற சிகி ஷ்மிட் கணக்காளராக வேலை பார்த்தவர். நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆன்சன் டோரன்ஸ் ஆங்கிலமும் தத்துவமும் படித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போனவர். அங்கே 1979-ல் பெண்கள் அணியைத் தொடங்கி, 2024-ல் ஓய்வு பெறுவதற்குள் 21 என்.சி.ஏ.ஏ. பட்டம் எடுத்தார், நடுவில் 1991-ல் அமெரிக்கப் பெண்கள் அணிக்கு முதல் உலகக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். (அவர் பிறந்தது நம் பம்பாயில். இதைச் சொல்லாமல் எனக்கு இருக்க முடியாது.)

கோச்சிங் லைசென்ஸ் அமெரிக்கச் சாக்கர் சம்மேளனம் தருவது. கிராஸ்ரூட்ஸ் என்ற அடிப்படை வகுப்பில் ஆரம்பித்து டி, சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. கல்லூரிக் கோச்சுக்கு இன்ன லைசென்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. கேட்பதில்லை, ஆனால் விளம்பரங்களில் "பி அல்லது அதற்கு மேல் விரும்பத்தக்கது" என்ற வரி அடிக்கடி வரும். என் யோசனை: டி-யைச் சீக்கிரம் முடியுங்கள், சி-க்கு விண்ணப்பித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள், இடம் கிடைக்க நாளாகும். யுனைடெட் சாக்கர் கோச்சஸ் என்ற கோச்சுகள் சங்கமும் டிப்ளமோ வகுப்புகள் நடத்துகிறது. அதைவிட முக்கியம் ஒவ்வொரு ஜனவரியிலும் அது நடத்தும் மாநாடு. பேச்சு கேட்கப் போகிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மையில் பாதிப் பேர் அங்கே வருவது வேலை தேட, மீதிப் பேர் ஆள் தேட. ஹோட்டல் லாபியில் காபிக் கோப்பையோடு நிற்பதைக் கூச்சமில்லாமல் பழகிக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழையும் வழி

வழக்கமான ஏணி இது: கல்லூரியில் விளையாடுவது, கிராஜுவேட் அசிஸ்டன்ட் ஆவது, முழுநேர உதவிக் கோச், அப்புறம் ஹெட் கோச். கிராஜுவேட் அசிஸ்டன்ட் என்றால் கல்லூரி உங்கள் முதுநிலைப் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் தரும், பதிலுக்கு அணியில் யாரும் செய்ய விரும்பாத வேலையெல்லாம் உங்களுடையது. டிவிஷன் 2, 3, என்.ஏ.ஐ.ஏ. கல்லூரிகளில் இந்த இடங்கள் நிறைய.

நான் செய்த வேலைகள்: கோன் அடுக்குவது, கேமரா ஏற்றுவது, வீடியோ வெட்டுவது, வேன் ஓட்டுவது, அப்புறம் பஸ் ஏற்பாடு. அந்தப் பஸ் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அக்டோபர் 9-ஆம் தேதி வெளியூர் மேட்ச். பஸ் கம்பெனிக்கு நம் ஊர் வழக்கப்படி 9/10 என்று எழுதிவிட்டேன், அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும் என்பது தெரிந்தும் கை பழக்கத்தில் போய்விட்டது. செப்டம்பர் 10 காலை 6 மணிக்கு ஐம்பது இருக்கை பஸ் ஒன்று வளாகத்தில் வந்து நின்றுகொண்டு, டிரைவர் எனக்குப் போன் செய்கிறார். அந்தப் பஸ்ஸுக்கும் பணம் கட்டினோம், அக்டோபர் பஸ்ஸுக்கும் கட்டினோம். ஹெட் கோச் திட்டவில்லை. பட்ஜெட் தாளை எடுத்து, அந்த வருடம் வாங்க இருந்த பயிற்சிப் பந்துகளின் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு என்னிடம் காட்டினார். அதிலிருந்து மாதத்தை எப்போதும் எழுத்தில்தான் எழுதுகிறேன்.

ஹெட் கோச் ஆக எவ்வளவு சீக்கிரம் முயற்சி செய்யலாம்? பெரிய பெயருள்ள இடத்தில் பத்து வருடம் உதவிக் கோச்சாக இருப்பதைவிட, சிறிய இடத்தில் சீக்கிரம் ஹெட் கோச் ஆவது நல்லது என்பது என் கட்சி. சிறிய இடத்தில் செய்த தவறு பத்திரிகையில் வராது. பாப் பிராட்லி 22 வயதில் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச், அப்போது அவர் அங்கே முதுநிலை மாணவரும்கூட. அப்புறம் பிரின்ஸ்டன், அதற்கும் அப்புறம் தேசிய அணி. இங்கிலாந்துக்காரர் கிறிஸ் கிராஸி அமெரிக்காவுக்குப் படிக்க வந்து ஒரு டிவிஷன் 2 கல்லூரிக்கு ஆடியவர், வெஸ்ட் வர்ஜினியாவின் சார்ல்ஸ்டன் பல்கலைக்கழக டிவிஷன் 2 அணியை வளர்த்துவிட்டு டிவிஷன் 1-ல் உள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2020 சீசன் கொரோனாவால் தள்ளிப்போய் 2021 மே மாதம் முடிந்தபோது, 8 முறை சாம்பியனான இண்டியானாவை இறுதிப் போட்டியில் 1-0 என்று வென்றது மார்ஷல். அதற்கு முன் டிவிஷன் 1 பட்டமே பார்க்காத அணி அது. 2024-ல் தேசியப் போட்டியின் தரவரிசையில் இடம் தரப்படாத வெர்மான்ட் பல்கலைக்கழகம் பட்டம் வென்றது, அதன் கோச் ராப் டோவை அதே மாதம் பென் ஸ்டேட் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

கல்லூரி அளவில் விளையாடாதவர்களுக்குக் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வழி உண்டு. பக்கத்து டிவிஷன் 3 அல்லது ஜூனியர் கல்லூரி கோச்சுக்கு மெயில் எழுதுங்கள், "உதவி செய்யத் தயார்" என்று பொதுவாக எழுதாமல் "உங்கள் கடைசி 3 மேட்ச்களின் கார்னர் கிக்குகளை வெட்டித் தொகுத்திருக்கிறேன், பார்க்கிறீர்களா" என்று எழுதிப் பாருங்கள். கோச்சுகளுக்கு நேரம் இல்லை, நேரத்தை மிச்சப்படுத்துபவனை உள்ளே விடுவார்கள்.

ரெக்ரூட்டிங்: அந்த ஐம்பது மணி நேரத்தின் பெரும்பகுதி

வேலை தேடும்போது எல்லாரும் தங்கள் 4-3-3 ஆட்ட அமைப்பைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறார்கள். கல்லூரி கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளை எங்கிருந்து கொண்டு வருவாய்?

டிவிஷன் 1-ல் 2019-லிருந்து ஒரு தெளிவான தேதி இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன்னால் அந்த மாணவரோடு அழைப்புப் பேச்சு எதுவும் பேசக் கூடாது, பதினோராம் வகுப்பு தொடங்கும் முன் ஆகஸ்ட் 1 முதல்தான் வளாகத்துக்கு அழைக்கலாம். அதற்கு முன்பெல்லாம் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்களே வாய்மொழியாக ஒப்புக்கொள்ளும் கூத்து நடந்தது. ஜூன் 15 காலையில் ஒரு கோச்சின் போனைப் பார்த்திருக்கிறீர்களா, நள்ளிரவு 12 மணிக்கே மெசேஜ் போக ஆரம்பிக்கும். இதைத் தவிர யாரை எப்போது நேரில் பார்க்கலாம், எப்போது பார்க்கவே கூடாது என்று வருடம் முழுக்க ஒரு காலண்டர் உண்டு. கல்லூரியில் விதிமுறை அதிகாரி ஒருவர் இருப்பார், அவரோடு சிநேகமாக இருங்கள், சந்தேகம் வந்தால் மெயில் அனுப்பும் முன் கேளுங்கள்.

ஆட்களைத் தேடும் இடம் கிளப் போட்டிகள். பெண்களில் இ.சி.என்.எல்., கேர்ள்ஸ் அகாடமி, பையன்களில் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட், இ.சி.என்.எல். இந்த லீகுகளின் ஷோகேஸ் போட்டிகளில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மைதானம், ஒவ்வொன்றின் ஓரத்திலும் மடக்கு நாற்காலியில் கல்லூரிச் சட்டை போட்ட கோச்சுகள். நல்ல நாற்காலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கிண்டலுக்குச் சொல்லவில்லை. பெரிய கல்லூரிகள் எல்லாம் நடு மைதானத்தில் குவிந்திருக்கும்போது சிறிய கல்லூரிக் கோச் ஓரத்து மைதானத்துக்குப் போக வேண்டும், காலை 8 மணி மேட்சுக்குப் போக வேண்டும். பந்தை அடக்கும் விதமும் வேகமும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் நான் பார்ப்பது: மாற்றி வெளியே உட்கார வைத்ததும் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது, தப்பான பாஸ் கொடுத்த தோழியை எப்படிப் பார்க்கிறது, மேட்ச் முடிந்து பையை யார் தூக்குகிறார்கள். அம்மா பை தூக்கினால் நான் நோட்டில் ஒரு கேள்விக்குறி போடுவேன். என் ஹெட் கோச்சுக்கு இதில் உடன்பாடு கிடையாது.

இப்போது இதோடு டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் சேர்ந்துவிட்டது. 2018-ல் வந்த அந்தப் பட்டியலில் பெயர் போட்டுவிட்டு மாணவர் வேறு கல்லூரியோடு பேசலாம். 2024 முதல் படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை. ஆக டிசம்பரில் சீசன் முடிந்ததும் உங்கள் அணியில் யார் போகிறார்கள் என்பதும் தெரியாது, யார் வருவார்கள் என்பதும் தெரியாது. பதினெட்டு வயதுப் பிள்ளையா, இருபத்தோரு வயதில் ஏற்கெனவே கல்லூரியில் ஆடி நிரூபித்தவரா, வெளிநாட்டிலிருந்து வீடியோ அனுப்பியவரா என்ற கணக்கில் ஆண்கள் அணிகள் மூன்றாவதன் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கின்றன.

இன்டர்வியூ

விளம்பரம் என்.சி.ஏ.ஏ.-வின் வேலைத் தளத்திலும் உயர்கல்வி வேலைத் தளங்களிலும் வரும். கொலராடோ, கலிஃபோர்னியா, வாஷிங்டன், நியூயார்க் மாநிலங்களில் சட்டப்படி சம்பள வரம்பை விளம்பரத்திலேயே போட வேண்டும், நீங்கள் வேறு மாநிலத்துக்கு விண்ணப்பித்தாலும் அதே அளவுக் கல்லூரியின் சம்பளத்தை அங்கே பார்த்துவைத்துக்கொள்ளலாம். அரசுப் பல்கலைக்கழகக் கோச்சுகளின் சம்பளம் பெரும்பாலும் பொதுத் தகவல், தேடினால் கிடைக்கும்.

முதலில் போனிலோ ஸூமிலோ ஒரு பேச்சு, தேறினால் வளாகத்தில் ஒரு முழு நாள். விளையாட்டு இயக்குநர், பேராசிரியர் ஒருவர், அட்மிஷன் ஆள், உடற்சிகிச்சையாளர், மற்ற அணிக் கோச்சுகள் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். மதியச் சாப்பாடு வீரர்களோடு இருக்கும், அதையும் இன்டர்வியூ என்றே நினையுங்கள், பிள்ளைகள் சொல்லும் ஒரு வார்த்தை பெரியவர்களின் கமிட்டியையே திருப்பிவிடும். நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. முந்தைய கோச் ஏன் போனார்? முழுநேர உதவிக் கோச் எத்தனை பேர்? வெளியூர் பயணத்துக்கும் ரெக்ரூட்டிங் பயணத்துக்கும் தனித்தனிப் பணமா, ஒரே டப்பாவா? ஜெர்சி துவைப்பது யார்? கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள், ஆனால் பதிலில் அந்தக் கல்லூரி அணியை எங்கே வைத்திருக்கிறது என்பது புரிந்துவிடும்.

விசா

இந்தியாவிலிருந்து நேராக ஹெட் கோச் வேலைக்கு வருவது நடைமுறையில் நடக்காது, முதுநிலை மாணவராக வந்து கிராஜுவேட் அசிஸ்டன்ட் ஆவதுதான் வழி. படிப்பு முடிந்ததும் 12 மாதம் ஓ.பி.டி.யில் (மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) வேலை பார்க்கலாம், வேலை உங்கள் பாடத்தோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்பதால் விளையாட்டு மேலாண்மை போன்ற பாடம் எடுப்பது புத்திசாலித்தனம். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி என்ற வேலை விசாவுக்கான லாட்டரி கிடையாது என்பது பெரிய வசதி. ஆனால் 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அது உங்களைப் பிடிக்குமா என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

வேலை கிடைத்துவிட்டது, இப்போது?

ஆகஸ்டில் ஆரம்பித்து நவம்பர் வரை மேட்ச், நன்றாக ஆடினால் டிசம்பர். தேசியப் போட்டிக்கு ஆண்களில் 48 அணி, பெண்களில் 64. விதிகளில் சில நமக்குப் புதிதாக இருக்கும். வெளியே போன வீரர் திரும்ப உள்ளே வரலாம், முதல் பாதியில் வெளியே எடுத்தால் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, இரண்டாம் பாதியில் ஒரு முறை முடியும். 2022 முதல் சாதாரண மேட்ச்களில் கூடுதல் நேரம் இல்லை, சமன் என்றால் சமன்தான். வியாழன் ஒன்று, ஞாயிறு ஒன்று என்று ஆடும் அணிக்கு இந்த மாற்று விதியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்த கோச் செப்டம்பர் கடைசியில் காயமில்லாத அணியோடு நிற்பார்.

முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வீரரையும் தனியாக இருபது நிமிடம் பாருங்கள், கால்பந்தைப் பற்றிக் கேட்காமல் ஆரம்பியுங்கள். உடற்சிகிச்சையாளர் "ஆடக் கூடாது" என்றால் அது முடிவு, அதில் உங்களுக்கு ஓட்டு இல்லை. தலைக் காயத்தில் இதைப் பேரம் பேசிய கோச்சுகள் வேலையை இழந்திருக்கிறார்கள். பெற்றோரிடம் ஆட்ட நேரத்தைப் பற்றிப் பேச மாட்டேன், பிள்ளை வந்து கேட்டால் எவ்வளவு நேரமும் பேசுவேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடியே இருங்கள். பயிற்சியில் நடப்பதை எழுதி வையுங்கள். டோரன்ஸ் ஒவ்வொரு பயிற்சியிலும் யார் வென்றார், யார் தோற்றார் என்று குறித்து, பட்டியல் போட்டு எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியவர், அந்த யோசனையை அவர் எடுத்தது அதே பல்கலைக்கழகத்தின் பாஸ்கெட்பால் கோச் டீன் ஸ்மித்திடமிருந்து. ஒட்ட உங்களுக்குத் தைரியம் இல்லாவிட்டாலும் எழுதியாவது வைத்தால், "என் பெண்ணை ஏன் ஆட விடவில்லை" என்ற மெயில் வரும் நாளில் கையில் ஏதோ இருக்கும்.

டிவிஷன் 1 என்றால் படிப்பையும் கண்காணியுங்கள். அணியின் கல்வி முன்னேற்றப் புள்ளி 4 வருடச் சராசரியில் 930-க்குக் கீழே போனால், மைதானத்தில் எவ்வளவு வென்றாலும் சீசன் முடிவுப் போட்டிகளுக்கு அனுமதி போய்விடும்.

வசந்த காலத்தில் 5 நாள் மட்டும் வெளி அணிகளோடு ஆடலாம், கோடையில் வளாகத்தில் முகாம் நடத்தலாம். முகாம் வருமானம் உதவிக் கோச்சுகளின் சம்பளத்துக்கு ஒத்தாசை, அதோடு வரும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் அடுத்த வருட அணிக்குக் கிடைப்பார்கள். இதற்கு நடுவில் அடுத்த சீசன் அட்டவணை பாதி காலியாக இருக்கும், லீக் மேட்ச் போக மிச்ச எதிராளிகளை நீங்களேதான் பிடிக்க வேண்டும். ஜனவரி மாநாட்டில் காபிக் கோப்பையோடு நின்றபோது வாங்கிய போன் எண்களை எடுத்துவைத்துக்கொண்டு, பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்குள் போய்த் திரும்பக்கூடிய கல்லூரிகளிலிருந்து கூப்பிட ஆரம்பியுங்கள்.